கார் ஷெட்டில் துணி துவைக்கிறேன்

தம்பி,

நேற்று நீ போனில் பேசியபோது, பின்னால் ஏதோ கடகடவென்று ஓடுகிறதே, தறி ரிப்பேரா என்று கேட்டாய். தறி இல்லை, வாஷிங் மெஷின். கார் ஷெட்டில் ஓடிக்கொண்டிருந்தது. நானும் அங்கேதான் ஷட்டரைப் பாதி தூக்கிவிட்டு உன் அப்பாவின் லுங்கிகளை அலசிக்கொண்டு நின்றேன். அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் நீ ஆபீஸ் வண்டியைப் பிடிக்க ஓடிக்கொண்டிருந்தாய். நான் அனுப்பும் வாய்ஸ் மெசேஜைக்கூட வேகத்தைக் கூட்டி வைத்துக் கேட்கிறவன் நீ. அதனால் எழுதுகிறேன். நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன், ஏனென்றால் இது நம் ஒரு வீட்டு விஷயம் இல்லை. யார் பெயரையும் எழுதவில்லை, பயப்படாதே. உனக்குப் பெண் கொடுக்கிறவர்கள் ஒரு கார் தரப்போகிறார்கள். அந்தக் காரைப் பற்றி, கல்யாணத்துக்கு முன்னால், உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். அதற்கு முதலில் ஷெட் எப்படித் துவைக்கிற இடம் ஆனது என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

வீடு உனக்குத் தெரியும், படிக்கிறவர்களுக்குத் தெரியாது. ஆரணியில் நெசவுக்காரர்கள் தெரு ஒன்றில், அகலம் குறைந்த, நீளமான வீடு. தெருவைப் பார்த்த முன் அறையில் குழித்தறி இருந்தது. உனக்குச் சென்னையில் வேலை கிடைத்ததும் அப்பா அந்தத் தறியைப் பிரித்தார், குழியை மண் போட்டு மூடி மேலே சிமென்ட் பூசினார், தெருப்பக்கம் ஷட்டர் போட்டார். பின்கூடத்தில் புதிதாக இரண்டு தறி நிறுத்தினார். எதற்கு இதெல்லாம் என்று கேட்டதற்கு, பையனுக்கு நாளைக்குக் கார் வருமில்லையா என்றார். வாங்குவான் என்று சொல்லவில்லை. வரும் என்றார், பஸ் வரும் என்பதைப் போல. நம் தெருவில் பிள்ளைக்கு வேலை கிடைத்ததும் ஷட்டர் போடுவது வழக்கமாகிவிட்டது. மாப்பிள்ளை வீடு பார்க்க வருகிறவர்கள் ஷட்டரைப் பார்த்தே புரிந்துகொள்கிறார்கள். வாயைத் திறந்து யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை. நாங்கள் எதையும் கேட்கவில்லை என்று எல்லா வீட்டிலும் நெஞ்சைத் தொட்டுச் சொல்கிறார்கள், அது உண்மையும்கூட. எதிர் வீட்டுக்கு அப்படி வந்த கார் இன்னும் உறைக்குள்தான் நிற்கிறது. அந்த வீட்டில் யாருக்கும் ஓட்டத் தெரியாது. எப்போதாவது ஸ்டார்ட் செய்து அணைத்துவிடுவார்கள். வெயில் காலத்தில் அதன்மேல் வடகம் காய்கிறது. அந்தப் பையன் சேவூருக்கு வேலைக்குப் போவது பழைய பைக்கில்தான்.

தறி பின்கூடத்துக்குப் போனதில் மாட்டிக்கொண்டவள் நான். துவைக்கிற கல் இருப்பது அதற்கும் பின்னால், கக்கூசுக்கும் மதில் சுவருக்கும் நடுவில் இருக்கிற சந்தில். துணி காயப்போடுவது மாடியில். மாடிப்படி வீட்டுக்கு முன்னால், வெளிப்பக்கம். நடுவில் தறியில் பட்டு நூலை இழுத்துக் கட்டிய பாவு நீண்டு கிடக்கிறது. சொட்டுகிற வாளியைத் தூக்கிக்கொண்டு அதைத் தாண்டிப் போக முடியாது. பாவில் ஒரு சொட்டு விழுந்தால் கறை நின்றுவிடும், புடவையை விரித்துப் பார்க்கிற முதலாளி அந்த இடத்தில்தான் விரலை வைப்பார். ஆகவே பக்கத்துச் சந்து வழியாக வெளியே வந்து, தெருவைச் சுற்றி, படியேறி மாடிக்குப் போவேன். தினமும் இப்படித்தான். நான் சீட்டு கட்டி வாங்கிய வாஷிங் மெஷின், வைக்க இடமில்லாமல், அட்டைப் பெட்டியைப் பிரிக்காமலே சமையலறை மூலையில் நின்றது. அதன்மேல் அரிசி டப்பா வைத்திருந்தேன். இத்தனைக்கும் முன்னால் ஒரு பெரிய அறை, காற்றும் வெளிச்சமும் உள்ள அறை, மாடிப்படியை ஒட்டினாற்போல, வெறுமனே பூட்டிக் கிடந்தது. மெஷினை அங்கே வைக்கட்டுமா என்று கேட்டேன். கார் வந்தால் எங்கே நிறுத்துவது என்று அப்பா கேட்டார். இல்லாத காருக்கு இடம் இருந்தது.

போன மழைக்காலத்தில் அந்தச் சந்தில் வாளியோடு விழுந்து மணிக்கட்டில் கட்டுப் போட்டேனே, அப்போது நீ லீவு போட்டுவிட்டு வந்தாய். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு சந்துக்குப் போய் உட்கார்ந்துவிட்டாய். என் புடவை, உள்பாவாடை எல்லாவற்றையும் நீதான் துவைத்தாய். அவற்றை வாளியில் போட்டுக்கொண்டு, நெய்கிறவர்கள் எல்லாம் டீக்கு வெளியே நிற்கிற நேரத்தில், தெருவைச் சுற்றி வந்தாய். எதிர் வீட்டுக்காரி சும்மா இருப்பாளா. "இன்னா தம்பி, பொண்டாட்டி வர்றதுக்கு முன்னாடியே பழகிக்கினு கீற?" என்றாள். நீ நிற்கவே இல்லை. "ஆமாக்கா, உங்க வீட்டுத் துணியும் இருந்தா குடுங்க, ஒரே நடையா முடிச்சிர்றேன்" என்று சொல்லிவிட்டுப் படியேறினாய். டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். நான் கட்டுப் போட்ட கையோடு வாசலில் உட்கார்ந்து அதைப் பார்த்தேன். உன்னை ஸ்கூல் மேடையில் பரிசு வாங்கும்போது பார்த்திருக்கிறேன், கழுத்தில் கம்பெனி அட்டை மாட்டிக்கொண்டு பார்த்திருக்கிறேன். எதிலும் எனக்கு அப்படி இருந்ததில்லை. தெரு என்ன நினைக்கும் என்பது உன்னைத் தொடவே இல்லை. இந்தக் கடிதத்தை அந்த வாளியைத் தூக்கிக்கொண்டு போன பிள்ளைக்குத்தான் எழுதுகிறேன்.

நிச்சயம் முடிந்த கொஞ்ச நாளில், நம் பக்கத்துச் சேத்துப்பட்டிலிருந்து உன் மாமனாராகப் போகிறவர் வந்தார். படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன், அவர் சின்னதாக அச்சாபீஸ் வைத்திருக்கிறார். கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், கடைகளுக்குப் பில் புத்தகம். அப்பா புடவை கொண்டுபோய்க் கொடுக்க முதலாளி வீட்டுக்குப் போயிருந்தார், நான் மட்டும் இருந்தேன். இந்தப் பக்கம் ஒரு வேலையாக வந்தேன் என்றார். தண்ணீர் குடித்தார். தயங்கினார். பிறகு பையிலிருந்து இஞ்ச் டேப்பை எடுத்தார்.

"ஷட்டரக் கொஞ்சம் தூக்கறீங்களாம்மா? பெருசா வாங்கிட்டு, உள்ள போவாம போயிட்ச்சின்னா உங்களுக்குத்தான் பேஜாரு. அளந்துகினு போயிட்டா நிம்மதி."

ஷட்டரைத் தூக்கினேன். டேப்பின் ஒரு முனையை என் கையில் கொடுத்துவிட்டு அவர் சுவர் ஓரமாக நடந்தார். அகலத்துக்கு ஒரு முறை, நீளத்துக்கு ஒரு முறை. நான் அந்த முனையைப் பிடித்துக்கொண்டு நின்றேன், தம்பி. என் மகனை எந்த அளவுக் காரைக் கொடுத்து வாங்கலாம் என்று அந்த மனிதர் அளக்கிறார், நான் டேப் பிடிக்கிறேன். அச்சு மை ஏறிய அவர் விரல் நகங்களைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அந்தக் காரை எதை விற்று, எங்கே கையெழுத்துப் போட்டு வாங்கப்போகிறார் என்று எனக்குத் தெரியாது. நீயும் கேட்கவில்லை. யாரும் கேட்பதில்லை.

அன்று சாயங்காலம் உன்னிடம் போனில் கார் விஷயம் என்ன என்று மட்டும் கேட்டேன், டேப் பற்றிச் சொல்லவில்லை. நீ சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "நான் ஒண்ணும் கேக்கலமா. அவங்க பொண்ணுக்கு அவங்க செய்யறாங்க. வேணாம்னு சொன்னா அவங்களுக்குத்தான் மனசு கஷ்டமாப் போயிடும்." சொல்லிவிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்டாய். நீ கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்தால் இவ்வளவு பெரிய கடிதம் எழுத மாட்டேன். ஆனால் அந்த வார்த்தைகள் உன்னுடையவை இல்லை. எதிர் வீட்டுப் பையன் சொன்னவை, உன் பெரியப்பா மகன் சொன்னவை. ஆரணியில் வேலைக்குப் போகிற பிள்ளைகள் எல்லாம் இதைச் சொல்லிக் கையைக் கழுவிக்கொள்கிறார்கள்.

எனக்கு ஸ்கூட்டர் கொடுத்தார்கள். பத்தொன்பது வயதில், ஒரு ஸ்கூட்டரோடு இந்த வீட்டுக்கு வந்தேன். வண்டி நன்றாக ஓடிய நாட்களில் அது உன் அப்பாவின் வண்டி. என்றைக்கு நடுரோட்டில் நின்றதோ அன்றைக்கு அது "உங்க அப்பா குடுத்த வண்டி". பிளக் அடைத்துக்கொண்டாலும், கிளட்ச் ஒயர் அறுந்தாலும், தோசைக்கல் முன்னால் நின்றுகொண்டு நான்தான் கேட்டுக்கொள்ள வேண்டும். உன் அப்பா திட்டியதில்லை, பெருமூச்சு விடுவார், அவ்வளவுதான். அது போதும். பழைய இரும்புக்குப் போட்ட அன்றைக்கு எனக்கு விடுதலை மாதிரி இருந்தது. கார் ஸ்கூட்டரைவிடப் பெரியது, உடைவதற்கு அதில் நிறைய இருக்கிறது. உனக்கு மனைவியாக வரப்போகிறவளை அதற்கெல்லாம் பதில் சொல்ல வைக்காதே.

டேப் பிடித்த மறுநாள் பிளம்பர் பாயைக் கூப்பிட்டேன். அப்பா ஜரிகை வாங்க வெளியூர் போயிருந்தார், அதுவும் வசதியாகப் போயிற்று. கையில் இருந்ததை வைத்தே முடிக்க வேண்டும் என்பதால் புதிதாக எதையும் வாங்கக்கூடாது என்று பாயிடம் சொல்லிவிட்டேன். மாடித் தொட்டியிலிருந்து இறங்குகிற குழாய் ஷெட்டின் வெளிச்சுவரிலேயே வருகிறது. அதில் ஒரு கிளை எடுத்து உள்ளே குழாய் வைத்தார். தண்ணீர் போகச் சுவரில் ஓட்டை போட்டுத் தெருக் கால்வாயில் விட்டார். பழைய தறியின் மரச்சட்டங்களைச் சுவரில் அடித்து, சோப்பும் பிரஷ்ஷும் வைக்கப் பலகை ஆக்கினேன். துவைக்கிற கல்லை நெய்கிற இரண்டு பேர் உருட்டிக்கொண்டு வந்தார்கள், அதற்கு ஆளுக்கு ஒரு டீயும் போண்டாவும். செலவு என்று சொன்னால் பைப்பும் சிமென்ட்டும் பாய் கூலியும்தான். பாய் கூலியைக் குறைத்துத்தான் வாங்கினார், ஆனால் வேலை நடந்த நேரமெல்லாம் ஜல்தி ஜல்தி என்று என்னைச் சிமென்ட் கலக்க வைத்தார்.

ஒரு தப்பு செய்தேன். பிளக் பாயிண்ட் மூலையில் இருக்கிறதே என்று மெஷினையும் அங்கேயே வைத்தேன். விளக்குக்காகத்தான் அந்த மூலையில் பாயிண்ட் வைத்தார்கள், விளக்கு எதற்கு, தறிக்கு, தறிக்குக் கீழே குழி. இவ்வளவும் தெரிந்த நானே மறந்துவிட்டேன். முதல் முறை துணியைப் பிழிகிற பக்கம் சுற்றியதும் மெஷின் ஆடியது. பிறகு தரை விரிசல் விட்டு, மெஷின் ஒரு பக்கமாகச் சாய்ந்து இறங்கியது. பாய் ஸ்விட்சை அணைத்துவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்தார். "இன்னாக்கா, நெசவுக்காரங்க வீட்டு மெஷினுன்னா குழில எறங்கி நெய்யத்தான் பாக்கும்" என்றார். நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். குழியை மறுபடி தோண்டி, கருங்கல் சல்லியைப் போட்டு இடித்து நிரப்பினோம். மெஷினை எதிர்ச் சுவருக்கு மாற்றி ஒயரை நீட்டிக்கொண்டோம்.

அப்பா வந்தார். ஷட்டர் பாதி திறந்திருக்கிறது, உள்ளே கொடியில் அவருடைய பனியன்கள். வாசலிலேயே நின்றுவிட்டார்.

"கார் எங்க நிக்கும்?"

"யாரு காரு?" என்றேன்.

"சம்பந்தி..."

"சம்பந்தி காரு சம்பந்தி வீட்டாண்ட நிக்கட்டும்."

அவர் கத்தவில்லை. தெரு என்ன சொல்லும் என்றார். நாம் கேட்கவில்லையே, அவர்களாகத் தருகிறார்கள் என்றார். நான் டேப் பிடித்ததைச் சொன்னேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பின்கூடத்துத் தறிக்குப் போய்விட்டார். மறுநாள் நான் கட்டிய கொடி தொய்ந்து, போர்வை தரையில் புரள்வதைப் பார்த்துவிட்டு, நாற்காலி போட்டு ஏறினார். கயிற்றை அவிழ்த்துப் பாவு இழுக்கிற மாதிரி இழுத்துக் கட்டினார். இறங்கியதும், கார் வந்தால் தெருவில் நிறுத்திக்கொள்ளலாம் என்றார். அவரால் அவ்வளவுதான் முடிகிறது. அவரைக் கோபித்துக்கொள்ளாதே, அவர் தெருவுக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவர்.

கல்யாணப் பெண்ணுக்கு ஷெட்டைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். நல்லா இருக்குது அத்தை என்று எழுதினாள். துப்பட்டா மாட்ட ஒரு கொக்கி இருந்தால் இன்னும் நன்றாக இருக்கும் என்றாள். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று எழுதினாள்: என் அப்பாவிடம் இதைக் காட்டிவிடாதீர்கள், பயந்துவிடுவார். ஏன் பயப்பட வேண்டும், சந்தோஷம்தானே படுவார் என்று நினைத்தேன். ஷெட்டை அடைத்துவிட்டால் அந்த மனிதரின் பாரம் இறங்கிவிடும் என்று நம்பினேன். எனக்கு நாற்பத்தாறு வயது, இந்த ஊரில்தான் இருக்கிறேன், இருந்தும் எனக்கு இது புரியவில்லை.

போன வாரம் அவரே வந்தார், பத்திரிகையில் பெயர்கள் சரியாக இருக்கின்றனவா என்று அப்பாவிடம் காட்ட. நான் துவைத்துக்கொண்டிருந்தேன். ஷட்டருக்கு வெளியிலிருந்து உள்ளே பார்த்தார். மெஷின், கல், குழாய், கொடி, எல்லாவற்றையும் வரிசையாகப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. உள்ளே வந்து உட்கார்ந்தார். அப்பா பத்திரிகையைப் படித்து, எல்லாம் சரி என்றார். வந்தவர் காதில் விழவில்லை. காபி ஆடை படிந்து ஆறிப்போயிற்று. அப்பா கண்ணாடி எடுக்க உள்ளே போனதும் குரலைத் தாழ்த்திக்கொண்டு என்னைக் கேட்டார்.

"மறைக்காம சொல்லுங்கம்மா. ஷெட்ட எடுத்துட்டீங்க. காரு வேணாம்னா, வேற எதுனா எதிர்பாக்கறீங்களா? இல்ல, மாப்ளைக்கு வேற எடம் எதுனா வந்துகினு கீதா?"

ஒன்றும் வேண்டாம், பெண் மட்டும் போதும் என்று சொன்னேன். என் கைகளில் சோப்பு நுரை இருந்தது, துடைக்கக்கூட இல்லை. சத்தியம் செய்கிறேன் என்றேன். அவர் தலையாட்டினார். நம்பவில்லை.

"நீங்க சொல்றீங்கம்மா. மாப்ள சொல்லலியே."

அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. நடப்பதைச் சொன்னார். மாமியார் வேண்டாம் என்று சொல்லி, தலை தீபாவளியில் மாப்பிள்ளை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்ட கதை அவருக்கு எத்தனை தெரிந்திருக்கும். எத்தனை பத்திரிகை அடித்திருக்கிறார். நான் பைப் போட்டு, சிமென்ட் கலந்து, வீட்டுக்காரரோடு சண்டை போட்டுச் செய்த காரியம் அவரை முன்பைவிடப் பயமுறுத்திவிட்டது. அன்று முதல் அவர் தூங்கியிருக்க மாட்டார். மறுநாள் அவள் எனக்குப் போன் செய்து, அப்பா இன்னும் பெரிய வண்டியாகப் பார்க்கிறார் அத்தை என்றாள். மாப்பிள்ளை வீட்டில் சின்ன வண்டியைத்தான் வேண்டாம் என்கிறார்கள் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது.

இதுதான் நான் உன்னிடம் கேட்பது. நீ அவரிடம் பேச வேண்டும். அவள் மூலமாக இல்லை, அப்பாவை விட்டு இல்லை. அம்மாவுக்குப் பிடிக்கவில்லை என்று என்னைக் காட்டாதே. எதுக்கு மாமா இதெல்லாம், பரவாயில்லை என்று இழுக்காதே. அதை மரியாதைக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டு அவர் வண்டிக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடுவார். எனக்குக் கார் வேண்டாம் என்று சொல். கொண்டுவந்து நிறுத்தினால் சாவியை வாங்க மாட்டேன் என்று சொல். அதற்குப் பதிலாக வேறு எதுவும் வேண்டாம், பின்னால் எந்தப் பண்டிகைக்கும் கேட்க மாட்டேன் என்றும் சேர்த்துச் சொல். சொல்லிவிட்டுப் போனை வைத்துவிடாதே. அவர் கொஞ்ச நேரம் பேச மாட்டார். அந்த நேரத்தில் நீ சங்கடப்பட்டுக்கொண்டு ஏதாவது பேசி அதைக் கெடுத்துவிடாமல் இரு. உனக்கு அது கஷ்டமாகத்தான் இருக்கும். உன் ஆபீசில் இருக்கிறவர்கள் சிரிக்கலாம், பெரியப்பா வீட்டில் முகம் சுளிக்கலாம். உன் சம்பாத்தியத்தில் நீ என்றைக்காவது ஒரு கார் வாங்கினால் அதில் முதல் ஆளாக நான் ஏறி உட்கார்ந்து தேவிகாபுரம் வரைக்கும் போய்வருவேன், அது வேறு.

நம் வீட்டுக்குத் தனியாக வந்த இரண்டு முறையும் அந்த மனிதர் நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்தார். எழுந்து போகச் சொன்னால் உடனே எழுந்துவிடத் தயாராக இருக்கிறவரைப் போல, பையை மடியிலேயே வைத்துக்கொண்டு. அச்சான பத்திரிகைகளை எடுத்துக்கொண்டு வருகிற ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார். பேசினாயா என்று உன்னைக் கேட்டு நான் போன் செய்ய மாட்டேன். காபி வைத்துவிட்டு, அவர் சாய்ந்து உட்காருகிறாரா என்று பார்ப்பேன்.

உன் அம்மா